அவசர சிகிச்சை டாக்டரின் படிப்பு, முதல்வர் காப்பீட்டு அட்டை: எதை யாரிடம் கேட்பது?

காங்கேயத்து மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. அம்மாவும் அவரும் காங்கேயம் பக்கத்தில் ஊரில் இருக்கிறார்கள். நான் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறேன், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

போன மாதம் ஒரு ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவருக்கு நெஞ்சு கரிக்கிற மாதிரி ஆரம்பித்து, சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் காரை எடுத்து, வழியில் முதலில் கண்ணில் பட்ட தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். வாசலில் '24 மணி நேர அவசர சிகிச்சை, நிபுணர் மேற்பார்வையில்' என்று பெரிய போர்டு. அம்மா முதல்வர் காப்பீட்டு அட்டையை மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறார். கவுண்டரில் இருந்த பையன் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "கேஷுவாலிட்டிக்கெல்லாம் இந்தக் கார்டு செல்லாதுங்க. முதல்ல 10,000 கட்டுங்க, அப்புறம் டாக்டர் பார்ப்பார்" என்று சொல்லியிருக்கிறான். அண்ணன் தன் போனில் இருந்து பணம் அனுப்பிய பிறகுதான் அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அதுவரை வீல்சேரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், காலையில் "ஹார்ட்ல ஒண்ணும் இல்ல, கேஸ்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா இப்போது தோட்டத்துக்குப் போய் வருகிறார். அண்ணனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

என் மனசில் இருப்பது இதுதான். டிஸ்சார்ஜ் காகிதத்தில் டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் எம்.பி.பி.எஸ்., எம்.இ.எம். என்று இருக்கிறது. சித்தப்பா மகன் அதைப் பார்த்துவிட்டு 'இப்படி ஒரு படிப்பே கிடையாது, ஏமாற்று வேலை' என்கிறான். எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் 'அது அமெரிக்கா படிப்பு, நல்ல படிப்பு' என்கிறார். யார் சொல்வது சரி? ஒரு அவசர சிகிச்சை டாக்டர் உண்மையில் என்ன படித்திருக்க வேண்டும், அதை எங்களைப் போன்றவர்கள் எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது?

அடுத்து அட்டை. அவசரத்துக்குச் செல்லாது என்றால் அது எதற்குத்தான் செல்லும்? டாக்டர் ஏற்க மறுத்தாரா, மருத்துவமனை மறுத்ததா என்று கூடப் புரியவில்லை. மறுபடி ஒரு ராத்திரி இப்படி வந்தால் அம்மா தனியாக என்ன செய்வார் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பவானிக்காரர்:

தங்கச்சி, அப்பா நல்லபடியாக வீட்டுக்கு வந்ததே பெரிய விஷயம். டாக்டர் படிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. அட்டையைப் பற்றி மட்டும் நான் பட்டதைச் சொல்கிறேன்.

என் மாமனாருக்கு மாரடைப்பு வந்தபோது நாங்கள் போன மருத்துவமனையின் வரவேற்பறையிலேயே முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தின் போர்டு தொங்கியது. அதை நம்பி உட்கார்ந்தோம். விசாரித்தால், அவர்களுக்குத் திட்டத்தில் அனுமதி எலும்பு முறிவுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும்தான், இதயத்துக்குக் கிடையாது. ஒரே கட்டடம், ஒரே போர்டு, ஆனால் பிரிவுக்குப் பிரிவு அனுமதி வேறு. அங்கிருந்து ஈரோட்டில் வேறு ஒரு இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே அட்டையிலேயே ஸ்டென்ட் வைத்தார்கள். கையில் இருந்து கட்டச் சொல்லவில்லை.

அதனால் போர்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'இதயத்துக்கு உண்டா, மூளைக்கு உண்டா, விபத்துக்கு உண்டா' என்று பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். 1800 425 3993 இலவச எண். ஊர் பெயரும் நோயும் சொன்னால் எந்த மருத்துவமனை என்று சொல்கிறார்கள்.

இன்னொன்று, அட்டை எப்போது எடுத்தது? பழைய அட்டை என்றால் கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் ஒருமுறை காட்டி, நடப்பில் இருக்கிறதா, ஆதார் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்களுக்கு அட்டையில் மாமனார் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. அதைச் சரிசெய்ய அந்த நேரத்தில் அலைந்தது கொஞ்சநஞ்சம் இல்லை.

கேஷுவாலிட்டி டாக்டரம்மா:

வணக்கம் அம்மா. நான் அவசர சிகிச்சையில் டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் முதுநிலைப் பட்டம்) படித்தவள். முதலில் அரசு மருத்துவமனையில், இப்போது கோவைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில், பெரும்பாலும் ராத்திரி டியூட்டி பார்க்கிறேன். உங்கள் கேள்விகளை எங்கள் வாசலில் தினமும் யாராவது ஒருவர் கேட்கிறார், பாதிப்பேர் கேட்கத் தயங்கி நிற்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பாவைப் பற்றி. 67 வயது, சர்க்கரை, பிரஷர், ராத்திரியில் நெஞ்சு எரிச்சலோடு வியர்வை. இதை 'கேஸ்' என்று அங்கேயே விட்டுவிட என்னால் முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலி கத்தியால் குத்துவது போலத்தான் வரும் என்று இல்லை. எரிச்சல், மூச்சு வாங்கல், வெறும் வியர்வை என்றும் வரும். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் இதயம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, சிறிது நேரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்து பார்ப்பது வழக்கம். உங்கள் காகிதங்களில் ஈசிஜி எத்தனை முறை, எந்த நேரத்தில் எடுத்தார்கள் என்று பாருங்கள். எப்படி இருந்தாலும் இந்த வாரமே அரசு மருத்துவமனை இதயப் பிரிவில் காட்டி எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுத்துவிடுங்கள். அந்த ஈசிஜி தாளைத் தூக்கிப் போடாமல் கூடவே கொண்டு போங்கள். பழைய ஈசிஜியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால், புதிதாக ஏதாவது மாறியிருக்கிறதா என்று சட்டென்று தெரியும்.

இனி படிப்பு. நம் நாட்டில் அவசர சிகிச்சையைத் தனி முதுநிலைப் பிரிவாக அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது 2009-ல்தான். அதுவரை கேஷுவாலிட்டி என்றால் எல்லாப் பிரிவிலிருந்தும் முறை வைத்து வந்து பார்ப்பார்கள், அல்லது எம்.பி.பி.எஸ். முடித்த இளம் டாக்டர்கள் பார்ப்பார்கள். இன்று அவசர சிகிச்சை நிபுணர் என்று சட்டப்படி சொல்லிக்கொள்ள எம்.டி. எமர்ஜென்சி மெடிசின் அல்லது டி.என்.பி. எமர்ஜென்சி மெடிசின் வேண்டும். இரண்டும் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு 3 வருடம்.

எம்.இ.எம். என்பதும் உண்மையான பயிற்சிதான். பல பெரிய தனியார் மருத்துவமனைகள் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் 3 வருடப் பயிற்சி அது. எம்.டி. இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த காலத்தில் நல்ல கைகள் பல அந்த வழியில்தான் உருவாயின. அவர்களில் சிலரிடம் நானே வேலை கற்றிருக்கிறேன். ஆனால் அந்தக் கவுன்சிலின் இடத்தில் இப்போது இருக்கும் தேசிய மருத்துவ ஆணையம் அதை முதுநிலைப் பட்டமாக அங்கீகரிக்கவில்லை. ஆக, உங்கள் சித்தப்பா மகன் சொல்வதும் சரியில்லை, சூப்பர்வைசர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. அந்த டாக்டர் பதிவு பெற்ற எம்.பி.பி.எஸ். டாக்டர், அவசர சிகிச்சையில் பயிற்சி எடுத்தவர். அவர் உங்கள் அப்பாவைப் பார்த்ததில் சட்டப்படி தவறில்லை. போர்டில் 'நிபுணர்' என்று போட்டிருப்பதைத்தான் கேள்வி கேட்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், ஒரு பிரிவில் உரிய தகுதி இல்லாதவர் அந்தப் பிரிவின் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்கின்றன.

எம்.ஆர்.சி.இ.எம். என்று போட்டிருந்தால் அது பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் எமர்ஜென்சி மெடிசின் நடத்தும் தேர்வு. அதைப் படித்துத் தேறுவது லேசான காரியமில்லை. அதையும் இங்கே மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா என்று பார்ப்பதுதான் முறை.

எப்படிப் பார்ப்பது? டிஸ்சார்ஜ் காகிதத்தின் கடைசிப் பக்கத்தை எடுங்கள். கையெழுத்துக்குக் கீழே நீல மையில் முத்திரை இருக்கும். பெயர், பட்டம், அதற்குக் கீழே பதிவு எண். மருந்துச் சீட்டு, சான்றிதழ், பண ரசீது எல்லாவற்றிலும் டாக்டர் தன் பதிவு எண்ணைப் போட வேண்டும் என்பது அதே 2002 விதிகளில் இருக்கிறது. சில இடங்களில் டாக்டரின் முத்திரை இருக்காது, மருத்துவமனையின் வட்ட முத்திரையும் ஒரு கிறுக்கலும் மட்டும் இருக்கும். அப்படி இருந்தால் 'பார்த்த டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள், தயங்காதீர்கள். அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுத் தேடலாம். பெயரைப் போட்டும் தேடலாம். வேறு மாநிலத்தில் பதிவு செய்தவர் என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டில் இருப்பார். முதுநிலை படித்தவர்கள் அந்தப் பட்டத்தைக் கூடுதல் தகுதியாகத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். படித்தும் பதிவைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு, ஆகவே இணையத்தில் பட்டம் காணவில்லை என்றவுடன் பொய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெயரே எங்கும் இல்லை என்றால் அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

ஒன்று மனசில் வையுங்கள். இன்றும் தமிழ்நாட்டில் நிறைய இடங்களில் ராத்திரி கேஷுவாலிட்டியில் இருப்பவர் எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவர்தான். அது குற்றமில்லை. கேட்க வேண்டியது வேறு: ராத்திரியில் அந்த மருத்துவமனைக்குள் இருக்கும் டாக்டர் யார், அலோபதிக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா, இதய டாக்டரைக் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவார், ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் அங்கேயே இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவார்கள். சித்த, ஹோமியோபதி டாக்டர்களுக்கு அவரவர் கவுன்சில் உண்டு, அவரவர் மருத்துவத்தில் மரியாதையும் உண்டு. ஆனால் வெறும் சம்பளச் செலவைக் குறைக்க அவர்களை ராத்திரியில் அலோபதி அவசர வார்டில் தனியாக நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். அது நோயாளிக்கும் நல்லதில்லை, அந்த டாக்டருக்கும் நல்லதில்லை.

இனி அட்டை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள். நம் ஊரில் திட்டத்தை ஏற்பதும் மறுப்பதும் டாக்டர் கையில் இல்லை. இங்கே திட்டத்தோடு ஒப்பந்தம் போடுவது மருத்துவமனை, அதுவும் பவானிக்காரர் சொன்னபடி பிரிவு பிரிவாக. ஆகவே டாக்டரைப் பற்றிக் கவுன்சிலில் கேளுங்கள், அட்டையைப் பற்றி மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலும் இலவச எண்ணிலும் கேளுங்கள். டாக்டரிடம் போய் 'கார்டு எடுத்துப்பீங்களா' என்று கேட்டால் அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குப் பணம் தருவது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வாசலில் வந்து ஒரு ஈசிஜி எடுத்துக்கொண்டு, ராத்திரி கண்காணிப்பில் இருந்துவிட்டு, காலையில் வீட்டுக்குப் போனால் அது பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குள் வராது. அதனால் அன்று உங்கள் அப்பாவின் பில்லுக்கு அட்டை உதவியிருக்க வாய்ப்பு குறைவுதான். ஆனால் 'கேஷுவாலிட்டிக்குக் கார்டு செல்லாது' என்று மொத்தமாகச் சொன்னது தவறு. அதே ராத்திரி ஈசிஜியில் மாரடைப்பு தெரிந்து, அந்த மருத்துவமனைக்கு இதயப் பிரிவில் அனுமதி இருந்திருந்தால், அட்டை செல்லும். அவசரம் என்றால் போனில் தகவல் சொல்லி அனுமதி பெற்றுச் சிகிச்சையைத் தொடங்கலாம், காகிதங்கள் பிறகு போகும். நான் எத்தனையோ பேரை அப்படிக் கேத் லேபுக்கு அனுப்பியிருக்கிறேன். அட்டை வீட்டில் கிடக்கும், மகன் ரேஷன் கார்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவான், காப்பீட்டு மேசையில் அதை வைத்துத் தேடி எண்ணை எடுப்பார்கள், அதற்குள் நோயாளி உள்ளே போயிருப்பார்.

எனக்குக் கோபம் வந்தது வேறு ஒரு இடத்தில். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப் போய் வந்த மனிதரை வீல்சேரில் உட்கார வைத்துப் பணம் வரும் வரை காத்திருந்தார்களே, அதில். நெஞ்சு வலி என்று வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது. மாரடைப்பு என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அரை மணி நேரத்துக்குள், ஆஞ்சியோ செய்து அடைப்பைத் திறப்பதென்றால் வந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் என்பது இலக்கு. கவுண்டரில் போகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையில் போகிறது.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசு மருத்துவமனையோ தனியாரோ, உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்குச் சிகிச்சை தருவது ஒவ்வொரு டாக்டரின் கடமை. விபத்தில் அடிபட்ட ஒரு ஸ்கூட்டர்காரரைப் பக்கத்து மருத்துவமனை 'போலீஸ் கேஸ்' என்று சேர்க்காமல் 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்ப, அவர் வழியிலேயே இறந்துபோனார். அதிலிருந்து வந்த தீர்ப்பு அது. இதற்கு, சிகிச்சை இலவசம் என்று பொருளில்லை, பில் பிறகு வரும். ஆனால் முதலில் உயிரைப் பிடித்து நிறுத்த வேண்டும். அப்புறம்தான் கவுண்டர்.

புகார் கொடுக்க நினைத்தால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளின் பதிவு அவர்கள் கையில். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் தரலாம். எந்த நேரத்தில் உள்ளே வந்தீர்கள், எந்த நேரத்தில் முதல் ஈசிஜி என்று எழுதுங்கள். அண்ணன் போனில் பணம் அனுப்பிய நேரம் பதிவாகியிருக்கும், ஈசிஜி தாளின் ஓரத்தில் நேரம் அச்சாகியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை. நோயாளியின் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் விதி.

தாராபுரம் ரோடு இ.எம்.டி.:

டாக்டரம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் 108 வண்டியில் வேலை செய்கிறேன். 2008-லிருந்து இந்தச் சேவை ஓடுகிறது, இன்னும் நெஞ்சு வலி என்றால் பக்கத்து வீட்டுக் காரைத் தேடுகிறார்கள். அவசரத்தில் கை கொடுத்த அந்த அண்ணனைக் குறை சொல்லவில்லை. ஆனால் காரில் போகும்போது வழியில் ஆள் மயங்கினால் பின் சீட்டில் இருக்கும் அம்மாவால் என்ன செய்ய முடியும்? எங்கள் வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறோம், எந்த மருத்துவமனையில் அந்த நேரத்தில் என்ன வசதி இருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிடுவதால் வாசலில் ஸ்ட்ரெச்சர் தயாராக நிற்கும்.

ஊர் தள்ளி இருக்கிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் மறக்க வேண்டாம். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை அங்கேயே முதல் டோசாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் நீங்களாகக் கொடுக்காதீர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு ஆபத்தாகிவிடும்.

விபத்து என்றால் கணக்கே வேறு. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசம். அட்டை வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், எந்த மாநிலத்துக்காரர் என்றும் பார்ப்பதில்லை. திருப்பூரில் ஒடிசா, பீகார் பையன்கள் எத்தனை பேர் பல்லடம் ரோட்டில் அடிபட்டு வருகிறார்கள், அவர்களுக்கும் இதுதான். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் பட்டியலில் உண்டு. ஆனால் இது சாலை விபத்துக்கு மட்டும். மாரடைப்புக்கு இதைச் சொல்லிக் கேட்டு ஏமாறாதீர்கள்.

காங்கேயத்து மகள்:

டாக்டரம்மா, அண்ணன்மார் எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். முத்திரையில் பதிவு எண் இருக்கிறது, கவுன்சில் இணையதளத்தில் அந்த டாக்டரின் பெயரும் வந்தது. எம்.பி.பி.எஸ். மட்டும் இருக்கிறது, நீங்கள் சொன்ன மாதிரியே. மனசு கொஞ்சம் லேசானது. அவர் அப்பாவிடம் நன்றாகத்தான் பேசினார் என்று அம்மா சொல்கிறார். ஈசிஜி ஒரே ஒரு தடவைதான் எடுத்திருக்கிறார்கள். பணம் அனுப்பிய நேரத்துக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்தால் கண் கலங்குகிறது. மனு எழுதப் போகிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அதை வைத்து அப்பாவுக்கு ஏதாவது செய்ய முடியுமா? அவருக்குத் தோட்டத்தில் வருமானம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நான்தான் மாதாமாதம் அனுப்புகிறேன்.

கேஷுவாலிட்டி டாக்டரம்மா:

உங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறது என்றால் முடியும் அம்மா. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கான காப்பீடு அது. காப்பீடு செய்தவர் மட்டுமில்லை, அவரை நம்பியிருக்கும் பெற்றோரும் குடும்பத்துக்குள் வருவார்கள், அவர்களின் சொந்த வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் பெயரில் முயற்சி செய்யாதீர்கள், உங்கள் அப்பா அவருக்கு மாமனார், அவர் எண்ணில் மாமனார் வரமாட்டார். உங்கள் எண்ணில்தான் அப்பா, அம்மா இருவரையும் சேர்க்க வேண்டும். கம்பெனி அலுவலகத்தில் சம்பளம் போடுபவரிடம் இரண்டு பேரின் ஆதாரையும் போட்டோவையும் கொடுத்துக் குடும்ப விவரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பல கம்பெனிகளில் பெண் தொழிலாளிக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதே இல்லை, கணவர், குழந்தைகள் பெயரைப் போட்டுப் படிவத்தை மூடிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து எத்தனையோ அம்மாக்கள், அப்பாக்கள் இதனால் வெளியே நிற்கிறார்கள்.

இ.எஸ்.ஐ.யில் மருந்தகம், இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கே இல்லாத வசதிக்கு அவர்களோடு ஒப்பந்தம் உள்ள தனியார் மருத்துவமனை என்பதுதான் வழக்கமான வரிசை. உயிருக்கு ஆபத்து என்றால் அந்த வரிசையைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு இ.எஸ்.ஐ.க்குத் தகவல் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் இல்லாத இடம் என்றால் பணத்தை நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு அவர்கள் விகிதப்படி திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு காகிதம் முக்கியம். ஒன்று, இது அவசர நிலை என்று பார்த்த டாக்டர் எழுதிக் கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்ட சான்று. இன்னொன்று, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. சான்றில் பதிவு எண் இல்லை என்று கோப்பு திரும்பி வந்து, குடும்பம் மறுபடி எங்கள் வாசலில் நிற்பதைப் பார்க்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், மறுநாள் அந்த டாக்டர் டியூட்டியில் இருக்கமாட்டார்.

ஒரே சிகிச்சைக்கு முதல்வர் காப்பீட்டையும் இ.எஸ்.ஐ.யையும் சேர்த்துக் கேட்க முடியாது. அப்பாவை இ.எஸ்.ஐ.யில் சேர்ப்பதற்கு முன்னால் கலெக்டர் ஆபீஸ் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, எதை வைத்துக்கொள்வது நல்லது என்று முடிவு செய்யுங்கள்.

அம்மாவுக்கு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிக் கொடுங்கள்: 108, இதயப் பிரிவுக்கு அட்டை செல்லும் மருத்துவமனையின் பெயர், ராத்திரியில் போகும் வழி, அப்பா சாப்பிடும் மாத்திரைகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது. பழைய ஈசிஜியின் நகலையும் அட்டையோடு அந்த மஞ்சள் பையிலேயே வையுங்கள். ஈசிஜி தாள் நாளாக நாளாக மங்கிவிடும், அதனால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். எக்கோ ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.